சென்னைக்குப் பெட்டி கட்டுவதற்கு முன்: முதல் வேலை தேடுகிறவருக்கு

2024 அக்டோபர் முதல் வாரத்தில் கிளாம்பாக்கத்தில் ஒரு பெட்டியோடும் ஒரு கோப்போடும் வந்து இறங்கினேன். 2025 ஜூன் 23 அன்று ஒரகடம் பக்கம் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். நடுவில் போனது ஏறக்குறைய ஒன்பது மாதம், 82,800 ரூபாய். செலவை நோட்டில் எழுதி வைத்திருந்ததால் ரூபாய் கணக்கு துல்லியமாகத் தெரியும். அந்த ஒன்பது மாதத்தில் நான்கு மாதமாவது, ஊரில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடியே முடித்திருக்கக்கூடிய வேலைகளுக்காகப் போயிற்று. சென்னையில் வாடகை கொடுத்துக்கொண்டு அவற்றைச் செய்தேன். உங்களுக்கு அந்த நிலை வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் விருதுநகர் மாவட்டத்துக்காரன், படித்தது இயந்திரவியல் பொறியியல். கல்லூரி வளாகத் தேர்வுக்கு வந்தவை நான்கே நிறுவனங்கள். அவற்றில் இரண்டு, எங்கள் பிரிவை உள்ளேயே விடவில்லை. உங்கள் படிப்பு வேறாக இருந்தாலும் கீழே உள்ளவற்றில் பெரும்பகுதி பொருந்தும். டி.என்.பி.எஸ்.சி., வங்கித் தேர்வு என்று தயாராகிறவர்களுக்கு வழி வேறு. அதையும் இதையும் ஒரே நேரத்தில் இழுத்துக்கொண்டு போனவர்களில் இரண்டையும் கரைசேர்த்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

1. முதல் வேலை: உங்கள் பெயரைச் சரிபார்ப்பது

சிரிக்காதீர்கள். தமிழர்களாகிய நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். நிறுவனங்களின் கணினிகளோ முதற்பெயர், கடைசிப்பெயர் என்று இரண்டு கட்டம் வைத்துக்கொண்டு காத்திருக்கின்றன. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் என் இனிஷியல் முன்னால் இருந்தது, ஆதாரில் பின்னால் இருந்தது. பான் அட்டையில் அப்பா பெயர் முழுதாக விரிந்து கிடந்தது. பான் விண்ணப்பப் படிவம் வெறும் இனிஷியலை ஏற்காது என்பதால், பிளஸ் டூ முடித்தபோது விண்ணப்பித்துக் கொடுத்த கணினி மையத்துக்காரர் விரித்து எழுதிவிட்டார். அவர்மேல் தவறில்லை.

இதன் விலை என்ன தெரியுமா? ஜனவரியில் ஒரு நிறுவனத்தில் தேர்வு, நேர்காணல் எல்லாம் முடிந்து சேரும் கட்டத்துக்கு வந்துவிட்டேன். பின்னணிச் சரிபார்ப்பில் மூன்று ஆவணங்களிலும் பெயர் ஒட்டவில்லை என்று நிறுத்தினார்கள். ஆதாரைத் திருத்தி, திருத்தியது வந்து சேர மூன்று வாரம் ஆயிற்று. அதற்குள் அந்த இடத்துக்கு வேறொருவர் வந்துவிட்டார்.

ஆகவே இந்த வரிசையில் செய்யுங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழை மூலமாக வைத்துக்கொள்ளுங்கள், அதை மாற்றுவதுதான் எல்லாவற்றையும்விடக் கடினம். பிறகு ஆதாரை அதற்கு ஒத்துவரும்படி திருத்துங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம், பிறந்த தேதியை ஒரே முறை. எனவே விண்ணப்பத்தில் எழுதியதை எழுத்து எழுத்தாகப் படித்துவிட்டுச் சமர்ப்பியுங்கள். கட்டணம் இப்போது ரூ.75. ஆதார் சரியான பிறகே பான். இதுவரை பான் எடுக்காதவர் என்றால் வருமானவரித் துறை இணையதளத்தில் ஆதாரைக் கொண்டு உடனடி இ-பான் இலவசமாகக் கிடைக்கும். ஆதாரில் என்ன பெயரோ அதுவே அங்கும் வரும். பிழையான ஆதாரை வைத்துக்கொண்டு அவசரப்பட்டுப் பான் எடுத்தால் அந்தப் பிழைக்கு இரண்டாவது பிரதி ஒன்று உருவாகும், அவ்வளவுதான். வங்கிக் கணக்கு, கைபேசி எண் இணைப்பு இரண்டையும் இதே மூச்சில் பார்த்துவிடுங்கள். வருங்கால வைப்பு நிதிக்கான யு.ஏ.என். எண்ணும் இன்று ஆதாரை வைத்தே உருவாகிறது.

2. கோப்பு

பத்து, பன்னிரண்டு மதிப்பெண் சான்றிதழ்கள், எல்லாப் பருவத்து மதிப்பெண் பட்டியல்கள், ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியல், தற்காலிகப் பட்டச் சான்றிதழ், பட்டம் வந்திருந்தால் அது, மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார், பான், கடவுச்சீட்டு அளவுப் புகைப்படம் பத்து. இவற்றை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து, தெளிவான பெயரிட்டு, மின்னஞ்சலில் ஒரு பிரதியும் கைபேசியில் ஒரு பிரதியும் வையுங்கள். ஊரில் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வாருங்கள். சென்னையில் ஐ.டி. வளாகங்களுக்கு எதிரே இருக்கும் கடைகளில், காலை எட்டரை மணிக்கு, வரிசையில் நிற்கிறவனின் அவசரத்தைப் பார்த்து விலை சொல்கிறார்கள்.

கட்டண பாக்கி என்று கல்லூரி உங்கள் அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்திருக்கிறதா? அப்படி வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018 இல் அறிவிக்கையே வெளியிட்டிருக்கிறது. அதைக் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள். அலுவலகத்தில் வாய்ப்பேச்சாகக் கேட்டால் நாளை வா என்பார்கள். கடிதம் கொடுத்து, இன்னொரு பிரதியில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து கேட்டால் பேச்சின் தொனியே மாறும்.

கடவுச்சீட்டு கட்டாயமில்லை. ஆனால் முகவரிச் சான்றாகவும் பெயர்ச் சான்றாகவும் அதைவிட வலுவானது இல்லை. சாதாரண முறையில் ரூ.1,500. ஊரில் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். சென்னையில் விடுதி முகவரியில் இருந்துகொண்டு காவல் சரிபார்ப்புக்கு அலைவது தேவையற்ற வேலை.

3. கையில் எவ்வளவு, எதுவரை

என் நோட்டுக் கணக்கு இது: விடுதி, சாப்பாட்டுடன், மாதம் ரூ.6,500 வீதம் ஒன்பது மாதத்துக்கு ரூ.58,500. மாநகரப் பேருந்துப் பாஸ் மாதம் ரூ.1,000, ஆக ரூ.9,000. கைபேசி ரூ.2,700. ஊருக்கு ஐந்து முறை போய்வர ரூ.3,500. இரண்டு சட்டை, ஒரு காலணி ரூ.3,200. ஜெராக்ஸ், அச்சு ரூ.1,900. கடைசி வரி ரூ.4,000. அது எங்கே போயிற்று என்பதை 7 ஆவது பகுதியில் சொல்கிறேன்.

பெண்களுக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பயணம் இலவசம் என்பதால் பாஸ் செலவு பாதிக்குமேல் மிச்சம். மதியம் வெளியே இருக்கும் நாட்களில் அம்மா உணவகம் கைகொடுக்கும்: இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய். கூச்சப்பட வேண்டாம். டை கட்டிக்கொண்டு வரிசையில் நின்ற பலரை அங்கே பார்த்திருக்கிறேன், அவர்களில் நானும் ஒருவன்.

கெடு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் நான்கு மாதம் என்று வையுங்கள். நான்காம் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் இல்லையென்றால் ஊருக்குத் திரும்பி அங்கிருந்து தேடுவது, அல்லது கிடைத்த வேலையில் சேர்ந்துகொண்டு தேடுவது. இதைக் கிளம்பும் முன்பே வீட்டில் சொல்லிவிடுங்கள். கெடு இல்லாமல் வந்த எனக்கு ஆறாம் மாதம் பணம் கேட்டு அம்மாவுக்குப் போன் செய்யும்போது நாக்கு எழவில்லை. அம்மாவின் கைவளையல் அடகுக்குப் போனதை அக்கா சொல்லித்தான் பிறகு தெரிந்துகொண்டேன்.

4. எந்த ஊர், எந்தப் பக்கம்

நண்பன் இருக்கிறான் என்று திருவல்லிக்கேணி மேன்ஷனில் போய்த் தங்கினேன். என் துறையின் தொழிற்சாலைகள் இருப்பதோ ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், மறைமலைநகர் பக்கம். காலை ஏழரை மணி நேர்காணலுக்கு நாலரைக்கு எழ வேண்டியிருந்தது. இரண்டு மாதம் கழித்துத்தான் தாம்பரத்துக்கு மாறினேன். இயந்திரவியல், மின்னியல் ஆட்கள் தாம்பரம், பெருங்களத்தூர் சுற்றுவட்டாரத்திலும், சிறு தொழிற்கூடங்களில் தேடுகிறவர்கள் அம்பத்தூர் பக்கத்திலும், மென்பொருள் ஆட்கள் பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டியும் பார்க்கலாம். விடுதியில் முன்பணம் திரும்பக் கிடைக்குமா, எத்தனை நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

இன்னொன்று: எல்லாரும் சென்னைக்கே வர வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது? பம்பு, வார்ப்பு, நூற்பாலை இயந்திரம் என்றால் கோயம்புத்தூர். வாகனம் என்றால் ஓசூரும் இருக்கிறது. என் வகுப்புத் தோழன் ஒருவன் கோவையில் இரண்டே மாதத்தில் சேர்ந்துவிட்டான். சம்பளம் என்னுடையதைவிடக் குறைவு, மிச்சம் பிடிப்பது என்னைவிட அதிகம்.

5. ரெஸ்யூம்

ஒரு பக்கம் போதும். ‘சவாலான சூழலில் என் திறமையை வளர்த்துக்கொள்ள விரும்புகிறேன்’ என்று தொடங்கும் அந்தக் குறிக்கோள் பத்தியை எடுத்துவிடுங்கள். அதை எழுதியவரே படித்திருக்க மாட்டார். அப்பா பெயர், மதம், திருமண நிலையும் வேண்டாம். கோப்புக்கு உங்கள் பெயரையும் துறையையும் வையுங்கள், ‘ஃபைனல் புதியது 3’ என்று அனுப்பினால் அது யாருடையது என்றே எதிர்முனையில் தெரியாது.

திட்டப்பணி பற்றி எழுதியதை ஒரு வெள்ளைத்தாளில் வரைந்து விளக்க முடியுமா என்று உங்களையே சோதித்துப் பாருங்கள். எங்கள் குழு இறுதியாண்டுத் திட்டப்பணியைக் கடையில் காசு கொடுத்து வாங்கியது. நாங்கள் மட்டுமா வாங்கினோம்? ஆனால் நேர்காணலில் வரையச் சொன்னபோது அழுக்கேறிப் போன அந்த இரும்புப் பெட்டிக்குள் என்ன இருந்தது என்று எனக்கே தெரியவில்லை. அதை எடுத்துவிட்டு, பயிற்சிக்குப் போன இருபது நாளில் கையால் செய்த மூன்று வேலைகளை எழுதினேன். அதன்பிறகுதான் அழைப்புகள் வந்தன.

6. தேடும் இடங்கள்

நௌக்ரி, லிங்க்டுஇன் போன்ற தளங்களில் கணக்குத் தொடங்குங்கள், ஆனால் நாள் முழுதும் அங்கேயே கிடக்காதீர்கள். காலையில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அன்று வந்த விளம்பரங்களுக்கு மட்டும் விண்ணப்பியுங்கள். இருபது நாள் பழைய விளம்பரத்தில் ஏற்கெனவே ஆயிரக்கணக்கானவர்கள் நிற்பார்கள். எங்கே, என்று, எந்த ரெஸ்யூம் என்பதை ஒரு நோட்டில் எழுதுங்கள். மூன்று வாரம் கழித்து அழைப்பு வரும்போது எந்த நிறுவனம் என்றே தெரியாமல் விழிப்பது நல்ல தொடக்கமில்லை.

தமிழ்நாடு அரசின் தனியார் துறை வேலைக்கான இணையதளம் ஒன்று இருக்கிறது, பதிவு இலவசம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்கள் நடத்தும் தனியார் துறை முகாம்களுக்கும் கட்டணமில்லை. நான் போன பெரிய முகாமில் பாதிக் கூடங்கள் விற்பனை, காப்பீடு, பொருள் விநியோகம். அதனால் உள்ளே நுழைந்ததும் முதலில் வந்த வரிசையில் நிற்காமல் ஒரு சுற்று நடந்து பார்த்துவிட்டு, உங்களுக்கான ஐந்தாறு கூடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மதியத்துக்குப் பிறகு போவதில் பயனில்லை.

வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவையும் விட்டுவிடாதீர்கள். இணையத்திலேயே செய்யலாம், மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அங்கிருந்து கடிதம் வந்து வேலையில் சேருவோம் என்று உட்கார்ந்திருக்க வேண்டாம், ஆனால் பதிவு இருப்பது நல்லது. உதவித்தொகை பற்றிப் பலர் கேட்கிறார்கள்: பதிவு செய்து ஐந்தாண்டு காத்திருந்த பட்டதாரிக்கு, குடும்ப வருமான வரம்புக்கு உட்பட்டு, மாதம் ரூ.600 வீதம் மூன்றாண்டு கிடைக்கும். பொறியியல் போன்ற தொழிற்படிப்புக்காரர்களுக்குக் கிடையாது. எனவே இன்றைய தேடலுக்கு அது உதவாது.

தொழிற்பழகுநர் பயிற்சி பற்றிக் கல்லூரியில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. 1961 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நடப்பது, ஓராண்டு. பட்டதாரிகளுக்கு 2019 இல் வைத்த குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் ரூ.9,000. தென்மண்டல அலுவலகம் சென்னை தரமணியில் இருக்கிறது, பதிவு இணையத்தில். பெரிய பொதுத்துறை நிறுவனங்கள்கூட இதில் ஆள் எடுக்கின்றன. கவனிக்க வேண்டியது: உங்கள் ஒப்பந்தம் அரசு தளத்தில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பதிவு செய்யாமல் ‘டிரெய்னி’ என்று வாயால் சொல்லிப் பாதிச் சம்பளத்தில் வேலை வாங்கும் இடங்கள் உண்டு. கடைசியில் சான்றிதழும் இருக்காது.

ஆனால் எனக்கு வேலை கிடைத்தது இவை எதனாலும் இல்லை. ஒரு சீனியர் உள்ளிருந்து என் பெயரைக் கொடுத்தார். பரிந்துரை என்றால் சிபாரிசு, இழிவு என்று ஐந்து மாதம் ஒதுங்கி நின்றேன். நிறுவனங்களே தங்கள் ஊழியர்களிடம் ஆள் கேட்கின்றன, பல இடங்களில் சேர்த்துவிட்டவருக்கு ஊக்கத்தொகையும் கொடுக்கின்றன என்று தெரிந்தபோது வெறுத்துப்போயிற்று. ‘வேலை இருந்தால் சொல்லுங்கள் அண்ணா’ என்று மட்டும் அனுப்பினால் ‘பார்க்கிறேன் தம்பி’ என்று வரும், அத்தோடு முடியும். நான் கடைசியில் அனுப்பியது ஏறக்குறைய இப்படி:

‘வணக்கம் அண்ணா. நான் நம் கல்லூரி 2024 மெக்கானிக்கல், உங்களுக்கு நான்காண்டு ஜூனியர். உங்கள் நிறுவனத்தில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு ஆள் எடுப்பதாக நேற்று விளம்பரம் பார்த்தேன், அதன் எண்ணையும் கீழே கொடுத்திருக்கிறேன். அளவீட்டுக் கருவிகளில் பழக்கம் உண்டு. உடனே சேர முடியும், தாம்பரத்தில் இருக்கிறேன். ரெஸ்யூம் இணைத்துள்ளேன். உள்ளே அனுப்ப முடிந்தால் உதவியாக இருக்கும். முடியாவிட்டாலும் பரவாயில்லை அண்ணா.’

அவர் செய்ய வேண்டியது இரண்டு பொத்தான்களை அழுத்துவது மட்டும் என்ற அளவுக்கு வேலையைச் சுருக்கிக் கொடுங்கள். கடைசி வரி முக்கியம். அது இருந்தால் மறுக்கிறவரும் பதில் எழுதுவார்.

7. காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்

அந்த நான்காயிரம் போன கதை. வடபழனியில் வேலை வாங்கித் தருவதாகச் சொல்லும் ஒரு கன்சல்டன்சி. கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம், சுவரில் பெரிய நிறுவனங்களின் சின்னங்கள். ஐந்து நிமிடம் பேசிவிட்டு, ‘நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள், ஆவணச் சரிபார்ப்புக்கும் பயிற்சிக்கும் நாலாயிரம், முதல் சம்பளத்தில் திரும்பி வந்துவிடும்’ என்றார்கள். கட்டினேன். ரசீதில் ‘ஆலோசனைக் கட்டணம், திருப்பித் தர இயலாது’ என்று இருந்ததை பஸ்ஸில் போகும்போதுதான் படித்தேன். பத்து நாள் கழித்துப் போனபோது அதே வரவேற்பறையில் அதே பெண் வேறு யாருக்கோ ‘தேர்வாகிவிட்டீர்கள்’ என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பெயர்கள் மாறும்: பதிவுக் கட்டணம், மடிக்கணினி முன்பணம், சீருடை, மருத்துவப் பரிசோதனை, கேட் பாஸ். நேர்மையான நிறுவனமோ அதற்கு ஆள் எடுத்துக் கொடுக்கும் நேர்மையான முகமையோ உங்களிடம் ஒரு ரூபாயும் வாங்காது. முகமைக்கான கூலியை நிறுவனம் கொடுக்கும். வீட்டிலிருந்தே தட்டச்சு வேலை என்று ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கி, பிழை இருக்கிறது, அபராதம் கட்டு, இல்லாவிட்டால் வழக்கு என்று வக்கீல் நோட்டீஸ் போல ஒன்றை அனுப்புவதும் நடக்கிறது. பயந்து கட்டாதீர்கள். டெலிகிராமில் மதிப்பீட்டு நட்சத்திரம் போட்டால் காசு என்பதும் அதே இனம்: முதலில் இருநூறு ரூபாய் உங்களுக்கு வரும், பிறகு உங்களிடமிருந்து போகும். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930 ஐ அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குப் போவதற்குள் சொன்னால்தான் நிறுத்த முடியும்.

வெளிநாட்டு வேலை என்றால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். முகவர் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்றவரா என்று இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு ரூ.30,000, அதன்மேல் ஜி.எஸ்.டி. தாய்லாந்தில் கணினி வேலை என்று சுற்றுலா விசாவில் அழைத்துப்போய் மியான்மர் எல்லையில் மோசடிக் கும்பல்களிடம் தள்ளிய கொடுமையில் தமிழ்நாட்டு இளைஞர்களும் சிக்கி, 2022 இல் மீட்கப்பட்டார்கள். சுற்றுலா விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே முடியுங்கள். தமிழ்நாடு அரசுக்கே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்று 1978 முதல் இருக்கிறது. முதலில் அங்கே விசாரியுங்கள்.

8. நேர்காணல்

முன்பதிவு இல்லாமல் நேராகப் போகும் வாக்-இன் என்றால் ஒன்பது மணி என்று போட்டிருந்தாலும் ஏழரைக்குப் போய்விடுங்கள். தண்ணீர், பிஸ்கட், பேனா இரண்டு. மாலை நாலு மணிக்குக் கூப்பிடுவார்கள், அதற்குள் பசியில் முகம் தொங்கிப்போனால் யாருக்கு நஷ்டம்? அசல் சான்றிதழ்களைக் காட்டுங்கள், அங்கேயே விட்டுவிட்டு வராதீர்கள். சேரும்வரை நாங்கள் வைத்திருக்கிறோம் என்பவரிடம் நகல் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நடந்ததைச் சொல்கிறேன். சிறிய நிறுவனம். உரிமையாளருக்கு எழுபது வயதிருக்கும். என் ரெஸ்யூமைத் திறக்கவே இல்லை. மேசை இழுப்பறையிலிருந்து விட்டம் அளக்கும் வெர்னியர் காலிபர் ஒன்றையும் எண்ணெய் வழியும் பித்தளை புஷ் (உருளை வளையம்) ஒன்றையும் எடுத்து வைத்தார். “தம்பி, வெளிவிட்டம் என்ன?” கை நடுங்கப் பிடித்து, 24.86 என்றேன். “ஜீரோ பார்த்தீர்களா?” பார்க்கவில்லை. தாடைகளை மூடிக் காட்டினார். கோடுகள் பொருந்தவில்லை, 0.04 கூடுதலாக நின்றது. அளவு 24.82. “இந்த நாலு புள்ளியில்தான் எனக்கு ஒரு லாரி சரக்கு திரும்பி வரும்,” என்றார். கோபம் இல்லை. டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

நான்காண்டுப் படிப்பில் காலிபரைத் தொட்டது ஓர் ஆய்வக வகுப்பில். மறுநாளே ஐ.டி.ஐ. படித்த ஒரு நண்பனின் பட்டறைக்குப் போய் இரண்டு வாரம் மாலை நேரங்களில் அளந்துகொண்டிருந்தேன். ஜூனில் நான் சேர்ந்த இடத்தில் கேட்ட முதல் கேள்வியும் மைக்ரோமீட்டர் பற்றியது. கையில் வாங்கியதும் ஜீரோ பார்த்தேன், எதிரே இருந்தவர் தலையை ஆட்டினார். உங்கள் துறையில் அந்தக் காலிபர் எது என்று கண்டுபிடியுங்கள். கணக்குப் படித்தவருக்கு அது டேலி என்ற கணக்கு மென்பொருளில் ஒரு விலைப்பட்டியலைப் பதிவு செய்வதாக இருக்கலாம், மென்பொருள்காரருக்குத் தாளில் எழுதும் இருபது வரி நிரலாக இருக்கலாம்.

இடைவெளி ஏன் என்று கேட்பார்கள். கதை கட்டாதீர்கள். ‘தேடிக்கொண்டிருந்தேன், இந்த நாட்களில் இதைக் கற்றுக்கொண்டேன்’ என்றால் போதும், கற்றதைக் காட்ட முடிய வேண்டும்.

9. பதில் வராத நாட்கள்

‘தெரிவிக்கிறோம்’ என்றால் பெரும்பாலும் தெரிவிக்க மாட்டார்கள். ஏழு நாள் கழித்து ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள், பதினைந்தாம் நாள் நோட்டில் அடித்துவிடுங்கள். தீபாவளி, பொங்கலை ஒட்டிய வாரங்களில் யாரும் பதில் தருவதில்லை. அப்போது ஊருக்குப் போய்விட்டு வரலாம்.

ஊருக்குப் போனால் கல்யாண வீட்டில் கேள்வி வரும். ‘இன்னும் ஒன்றும் அமையவில்லையா?’ என்று கேட்ட சித்தப்பாவிடம் ஒருமுறை எரிந்து விழுந்தேன், அதன்பிறகு மூன்று மாதம் வீட்டில் அதுதான் பேச்சு. பிறகு ஒரே பதிலைத் தயாராக வைத்துக்கொண்டேன்: ‘இரண்டு இடத்தில் முடிவு வர வேண்டும் சித்தப்பா, உங்களுக்குத் தெரிந்து ஒரகடம் பக்கம் யாராவது இருக்கிறார்களா?’ கேட்டவரிடமே வேலையைக் கொடுத்துவிட்டால் அவர் பந்திக்குப் போய்விடுவார். ஒருவர் உண்மையிலேயே இரண்டு எண்கள் கொடுத்தார்.

மார்ச் மாதத்தில் எனக்குப் பகலில் தூக்கம், இரவில் விழிப்பு என்று ஆகிவிட்டது. குளிக்கவே தோன்றாத நாட்கள் இருந்தன. அறைத்தோழன் சொல்லி 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்குப் பேசினேன். இலவசம், தமிழில் பேசலாம். அது வேலை வாங்கித் தரவில்லை, ஆனால் மறுநாள் குளித்தேன். தேவைப்படும் வரை காத்திருக்காமல் எண்ணை இப்போதே சேமித்து வையுங்கள்.

10. ஆஃபர் கடிதம் வந்ததும்

ஆண்டுக்கு மூன்று லட்சம் என்றால் மாதம் இருபத்தைந்தாயிரம் என்று வீட்டில் சொல்லிவிடாதீர்கள். அந்த இருபத்தைந்தாயிரத்துக்குள் நிறுவனம் கட்டும் வைப்பு நிதி ரூ.1,500 அடங்கியிருக்கும், பணிக்கொடைக்கு ஏறக்குறைய ரூ.600, காப்பீட்டுக்கு ஒரு நானூறு. மிஞ்சும் 22,500 இல் உங்கள் பங்கு வைப்பு நிதி இன்னொரு ரூ.1,500. சென்னையில் தொழில் வரி அரையாண்டுக்கு ரூ.1,250, மாதக் கணக்கில் இருநூறு சொச்சம். கைக்கு வருவது ரூ.20,800 அளவில். இதிலும் பத்து விழுக்காடு ‘திறன் சார்ந்தது’ என்று எழுதியிருந்தால் இன்னொரு ரூ.2,500 ஐக் கழித்துக்கொள்ளுங்கள். ‘கையில் மாதம் எவ்வளவு வரும்?’ என்று ஹெச்.ஆரிடம் நேராகக் கேளுங்கள். கேட்டால் வேலை போய்விடாது.

அடுத்து, யாருடைய பேரோல், அதாவது யாருடைய சம்பளப் பட்டியலில் நீங்கள்? வாசலில் இருக்கும் பெயர்ப் பலகை ஒன்று, கடிதத்தின் தலைப்பில் இருக்கும் ஒப்பந்த நிறுவனம் வேறொன்று என்று இருக்கலாம். அப்படியென்றால் நீங்கள் கடிதத்தில் உள்ள நிறுவனத்தின் ஆள். சேரக்கூடாது என்றில்லை, தெரிந்துகொண்டு சேருங்கள்.

இத்தனை ஆண்டுக்கு முன் விலகினால் இவ்வளவு கட்டுவேன் என்று எழுதிக் கொடுக்கும் பாண்டு பற்றி இரண்டு தவறான நம்பிக்கைகள் உலவுகின்றன. கையெழுத்துப் போட்டால் அடிமை என்பது ஒன்று, பாண்டு எதுவும் செல்லாது என்பது மற்றொன்று. ஒரு பொதுத்துறை வங்கி மூன்றாண்டுக்குமுன் விலகினால் ரூ.2 லட்சம் என்று போட்ட நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, நான் கையெழுத்துப் போடுவதற்கு ஒரு மாதம் முன்பு. எனவே காலம், தொகை, என்ன பயிற்சிக்காக என்ற மூன்றையும் படித்துவிட்டு முடிவெடுங்கள். காலியான காசோலையோ அசல் சான்றிதழோ பிணையாகக் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

11. சேரும் நாளும் அதற்குப் பிந்தைய நாற்பது நாளும்

அசல்கள், இரண்டு தொகுதி நகல்கள், புகைப்படம், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் ஆகியவற்றை எடுத்துப் போங்கள். தொழிற்சாலை என்றால் மருத்துவத் தகுதிச் சான்றிதழும் இரத்த வகையும் கேட்பார்கள், நிறக்குருட்டுச் சோதனையும் இருக்கலாம்.

பலர் கோட்டைவிடுவது கைக்காசில். பல நிறுவனங்களில் சம்பளக் கணக்கு 20 ஆம் தேதி வாக்கில் மூடப்படுகிறது. அதற்குப் பிறகு சேருகிறவருக்கு அந்த மாதச் சம்பளமும் அடுத்த மாதத்தோடு சேர்ந்துதான் வரும். சேரும் தேதியை உங்களிடம் விட்டால் இதை மனத்தில் வைத்துச் சொல்லுங்கள். நான் சேர்ந்தது ஜூன் 23, முதல் சம்பளம் வந்தது ஜூலை 31. விடுதிக்காரரிடம் அடையாள அட்டையைக் காட்டிப் பத்து நாள் அவகாசம் வாங்கினேன். அந்த முப்பத்தெட்டு நாளும் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு அம்மா உணவகத்தில்தான். புது அடையாள அட்டையைச் சட்டைப்பைக்குள் திருப்பி வைத்துக்கொண்டு ஐந்து ரூபாய் டோக்கன் வாங்கினேன்.